கன்னி ஆவியின் கன்னத்துக் கோடுகள்

முகம் முடிந்துவிட்டது. ஆனால் அதில் ஏதோ ஒன்று சரியில்லை. அது எது என்றுதான் ஒக்வுதிலிக்குப் பிடிபடவில்லை.

ஊருக்கு வெளியே, பெண்கள் கால்வைக்காத புதர்க்காட்டில், ஓலைத் தட்டி மறைப்புக்குள் இரண்டு மாதம் உட்கார்ந்து அவன் மரத்தில் செதுக்கிய கன்னி ஆவியின் முகம். சின்ன மூக்கு, மெல்லிய உதடு, உச்சியில் அடுக்குக் கொண்டை. வெள்ளைக் களிமண் பூசிக் காயவைத்து, கன்னங்களில் கறுப்புக் கோடுகளும் தீட்டியாகிவிட்டது. நாளை மறுநாள் திருவிழா; சந்தைத் திடலில் செத்தவர்களின் ஆவிகள் இறங்கும்.

அதைப் போட்டுக்கொண்டு ஆடப்போகிறவன் அனாக்வே. அந்தப் பேச்சைத் தட்டிக்கு வெளியே, அதுவும் பெண்கள் காதுபட, எடுக்கக்கூடாது. வெளியே வருவது ஆவி, அவ்வளவுதான்.

"நல்லாத்தான்யா இருக்கு. ஆனா எங்கயோ உதைக்குது" என்றான் அனாக்வே.

"எங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் ஆடப்போறேன், உளியைப் பிடிச்சிருக்க மாட்டேனா?" என்றவன், "போன வருசம் ஆத்துக்கு அந்தக் கரைக்காரங்களோட கன்னி வந்தப்ப நம்ம பொம்பளைங்க சிரிச்சாங்களே, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? கன்னக் கோலத்தைப் பார்த்து ஒருத்தி, "பாவம், கரிச்சட்டி மேல விழுந்து செத்திருப்பா போல" என்றாள். திடலே சிரித்தது. அந்த ஆவி இந்த வருடம் வரவில்லை. அதைச் செதுக்கியவனுக்கு இப்போது உரல் குடைவதுதான் பிழைப்பு.

தோலில் ஊலிக் காயின் கறுப்புச் சாறு தொட்டுக் கோலம் எழுதுவது பெண்கள் கை வேலை. அந்தத் தெருவிலேயே நன்றாக எழுதுகிறவள் ஒக்வுதிலியின் மனைவி எகோண்டு. ஆனால் அவளிடம் கேட்டால் மறைப்பைத் தானே பிரித்துப்போட்டது போலாகும்.

வழியெல்லாம் யோசித்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சுரைக்குடுக்கையை எடுத்து, முகத்தில் தீட்டிய கோடுகளை அப்படியே அதில் கரியால் போட்டான்.

"மச்சானுக்குக் கள்ளு அனுப்பணும். குடுக்கை அழகா இருக்கட்டுமேன்னு..."

எகோண்டு கிழங்கு சீவுவதை நிறுத்தினாள். குடுக்கையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இஃபேமா அப்பா, இந்தக் குடுக்கை கல்யாணம் ஆனதா, ஆகாததா?"

"ஆகாததுன்னே வச்சுக்கயேன்."

"அப்ப ஏன் இப்படி மொழுகி வச்சிருக்கீங்க? வெறும் இடத்தைக் கண்டா பயமா?"

"இடம் காலியா இருந்தா வேலை செய்யாத மாதிரி தெரியுமே?"

"காலியா இருக்கிற இடம்தான் வேலையே. அதைத்தான் கண்ணு தேடும்."

ஈரத்துணியால் முக்கால்வாசியை அழித்தாள். வளைந்த கோடு ஒன்று, அதன் முனையில் ஒரு புள்ளி. பிறகு ஏதோ யோசித்து, கோட்டை விரலகலம் மேலே ஏற்றினாள்.

"மூக்கு சின்னதா இருக்கும்ல," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "குடுக்கைக்குச் சொன்னேன்."

இவளுக்கு எவ்வளவு தெரியும்? எத்தனை வருடமாகத் தெரியும்? கேட்க வாயெடுத்தான். கேட்டால் அவள் பதில் சொல்லியாக வேண்டுமே என்று மூடிக்கொண்டான். மறுநாள் தட்டிக்குள் உட்கார்ந்து, தன் கோடுகளைச் சுரண்டிக் களிமண்ணை மறுபடி பூசினான். வளைவு ஒன்று, புள்ளி ஒன்று.

திருவிழா அன்று மத்தளம் முழங்க, கன்னி ஆவி குறுநடை போட்டுத் திடலுக்குள் வந்தது. பெண்கள் எட்ட நின்றார்கள். ஒக்வுதிலி ஆண்கள் கூட்டத்தில், பெண்களுக்கு முதுகைக் காட்டியபடி, சிரிப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருத்தி "அடி ஆத்தீ, என்ன அழகு!" என்றாள். குலவை எழுந்தது. அவன் மூச்சு விட்டான்.

அப்போது பின்னால் பக்கத்து வீட்டுக்காரியின் குரல்: "ஏண்டி எகோண்டு, அந்தக் கன்னத்துக் கோடு உன் கை மாதிரியே இல்ல?"

"என் கையா? நான் இன்னும் சாகலையேடி!" என்றாள் எகோண்டு. "செத்தவங்க ஊர்லயும் எழுதத் தெரிஞ்சவ ஒருத்தி இருப்பா."

ஒக்வுதிலி திரும்பிப் பார்க்கவில்லை.