அடுப்புச் சாமியின் அறிக்கை

கடவுளுக்கு லஞ்சம் கொடுக்காத தமிழன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் மாண்ட்ரியலில், கோட்-டெ-நெய்ஜ் பேட்டையில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறான். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அதே மூன்றாம் மாடியில் குடியிருந்த பேராசிரியர் ஜம்புநாதன். ஆகவே தவறாக இருக்க வழியில்லை.

1974 பொங்கலன்று பஸ்ஸை விட்டிறங்கி, பனியில் கால் புதையப் புதைய வீடு வந்தவர், பூட்ஸைக் கழற்றத் தெம்பில்லாமல் கதவோரமே உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷமாக வருஷத்துக்கொரு ஒப்பந்தம். புதன்கிழமை கமிட்டி கூடுகிறது. துறைத் தலைவர் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

உள்ளே மனைவி அனுசூயா மின்சார அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சூரியனே நாலரை மணிக்குக் கடையைக் கட்டிட்டார். யாருக்கு அனு படைக்கிறே?"

"உங்களுக்குத்தான். எழுந்து வாங்க."

அடுப்புக்கு மேலே சிவப்புத் தாளில் ஒரு தாடிக்காரர். எதிர்வீட்டு வோங் அம்மாள் போன சீனப் புத்தாண்டுக்குக் கொடுத்த சமையலறைச் சாமி. சீன வருஷக் கடைசியில் மேலோகம் போய், வீட்டில் நடந்ததையெல்லாம் ஒப்பிப்பாராம்.

"புதன்கிழமை கிளம்பறாராம்," என்றாள் அனுசூயா. "வாயில தித்திப்பு தடவி, படத்தைக் கொளுத்தி அனுப்பணுமாம். அப்பத்தான் நல்லதா சொல்வாராம்."

"பார்த்தியா! நாமதான் தேங்காய் உடைச்சே கெட்டோம்னு நெனச்சேன். இவங்க சாமி வாய்க்கே பசை போடறாங்க! ரிப்போர்ட் கொடுக்கிற ஆளுக்கு இனிப்பு ஊட்டிக் காரியம் பார்க்கிறதா? வெட்கக்கேடு!"

"சிரிங்க, சிரிங்க. ஒரு வருஷமா உங்க தலைவரை இங்க நின்னுதானே திட்டினீங்க? டை கட்டின எருமைன்னீங்க. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல பெயிண்ட் அடிச்சு விடணும்னீங்க. அத்தனையும் இந்தச் சாமி கேட்டுக்கிட்டு நிக்கறார்."

ஜம்புநாதன் சிரித்தார். சிரிப்பு பாதி வழியில் களைத்து நின்றுவிட்டது.

புதன் காலை. அனுசூயா குளித்துக்கொண்டிருந்தாள். ஜம்புநாதன் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டியாயிற்று. வாசல்வரை போனார். திரும்பி வந்து ஒரு கையுறையைக் கழற்றினார். ஃப்ரிட்ஜில் மீந்த பொங்கல் கல்லாக இறுகியிருந்தது. ஒரு துளி சுரண்டி, உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, தாடிக்காரரின் உதட்டில் அப்பினார்.

தள்ளி நின்று பார்த்தார். மீசைக்குக் கீழே, இடது ஓரத்தில், இன்னும் கொஞ்சம் வாய் தெரிந்தது.

அதையும் அடைத்தார்.