அரைச் சுருதி

ஹென்றிகே ஃபோஸ்லருக்குப் பிறவியிலேயே வாய்த்த காது. ரயில் ஊதினாலும் சரி, கரண்டி விழுந்தாலும் சரி, அது எந்த ஸ்வரம் என்று சொல்லிவிடுவாள்.

புது ஓபராக்களில் அந்தக் காதுதான் சோறு போட்டது. அவற்றில் வாத்தியங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். பாடுகிறவள் தன் ஸ்வரத்தை வெறும் காற்றிலிருந்து எடுத்தாக வேண்டும். மற்ற பாடகிகள், தட்டினால் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் இசைக்கவையைக் காதருகே தட்டிப் பார்த்துவிட்டு மேடைக்கு ஓடுவார்கள். ஹென்றிகே சும்மா நடந்து போவாள். மெஸ்ஸோ-சொப்ரானோ என்கிற கனத்த நடுக்குரல் அவளுடையது. பழைய ஓபராக்களில் அந்தக் குரலுக்குப் பெரும்பாலும் தாயும் சூனியக்காரியும்தான் மிச்சம். புதியவற்றில் அவளே நாயகி. நாலைந்து தடவை மேடையேறியதும் பெரும்பாலானவற்றை ஊர் மறந்துவிடும். அவள் மட்டும் எதையும் மறந்ததில்லை.

இசைக் கல்லூரி நாளிலிருந்து தோழனான ஆன்ஸ்கர் டீலே, கடலில் கணவனைத் தொலைத்த படகுக்காரியைப் பற்றி அவளுக்காகவே ஒரு ஓபரா எழுதினான். காசல் நகர அரங்கத்தில் ஒத்திகை. பியானோ வாசித்த குடூலா திடீரென்று நிறுத்தினாள்.

“என்னடி, அரைச் சுருதி கீழே போறே?”

“நானா? உன் பியானோவைப் பாரு. யாரோ ஏத்தி வச்சிருக்காங்க.”

“காலையிலதான் சுருதி சேர்த்தாங்க. போ, காப்பி குடிச்சிட்டு தெளிவா வா.”

ஹென்றிகே சிரித்தாள். போகிற வழியில் குடூலாவின் இசைக்கவையை எடுத்துக்கொண்டு போய், ஒப்பனை அறையில் தனியாகத் தட்டிப் பார்த்தாள். அதுவும் அரைச் சுருதி மேலே ஒலித்தது. இசைக்கவையின் சுருதி மாறுவதில்லை; மாறியது அவள் காதுதான்.

மருத்துவர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: “காது நல்லாத்தான் கேக்குது. உங்களை மாதிரி பிறவி ஞானம் இருக்கிறவங்களுக்கு வயசானா இப்படி நகர்ந்துடறது உண்டு.”

“எப்ப சரியாகும்?”

“ஆகாதுங்க.”

யாரிடமும் அவள் சொல்லவில்லை. காதுக்குத் தப்பாகப் படுவதைத்தான் பாட வேண்டும் என்று தன்னைப் பழக்கினாள். வீட்டில் ஒவ்வொரு வரியையும் பல்லைக் கடித்துக்கொண்டு புதிதாகக் கற்றாள். ஒத்திகைகள் ஒழுங்காக நடந்தன. குடூலாவும் அதை மறந்துபோனாள்.

முதல் நாள் அரங்கேற்றத்தில் கடைசிப் பாட்டு வரை பிசகில்லை. அந்தப் பாட்டுக்குக் கடைசி வரி வரை வாத்தியமே கிடையாது. படகுக்காரி கரையில் தனியாக நின்று கணவனைக் கூப்பிடுகிறாள். கூப்பிடும்போது ஹென்றிகேவுக்கு நிஜமாகவே கண் நிறைந்தது. பழகியதெல்லாம் நழுவியது, நகர்ந்துபோன காதின் பின்னாலேயே குரல் போய்விட்டது. முடிவில் வயலின்கள் சேர்ந்தபோது இரண்டும் ஒட்டவில்லை. சபைக்கு அதுவும் புது இசையாகத்தான் பட்டது. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆன்ஸ்கர் பூங்கொத்தோடு உள்ளே வந்தான். “பிரமாதம்!”

“கடைசிப் பாட்டு?”

“ஜனங்க அழுதாங்க, ஹென்றிகே. நீ பாக்கலையா?”

“நான் தப்பாப் பாடினேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

கால் சுருதி பிசகினதற்கே ஒரு தடவை அவள் மேல் தாள்களை வீசிவிட்டுப் போனவன் அவன். இப்போது பூக்களைப் பார்த்துக்கொண்டே, “தப்பெல்லாம் இல்ல,” என்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. திருத்த முடியும் என்று நினைத்திருந்தால் திட்டியிருப்பான்.

“திட்டேன்டா,” என்றாள். மருத்துவர் சொன்னதை அப்போதுதான் அவனிடம் சொன்னாள். அவன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். மீதி நாட்களில் தன் வேடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடும்படி மறுநாள் அரங்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். அதன்பின் மேடையேறவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் பிரேமன் நகரில் அதே ஓபராவை ஒரு டேனிஷ் பாடகி பாடினாள். ஆன்ஸ்கர் வற்புறுத்தி அழைத்துப்போனான். கடைசிப் பாட்டு வந்தது. ஹென்றிகேவுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் இடம் மாறி, யாருடைய பாட்டையோ கேட்பது போல இருந்தது. ஆன்ஸ்கரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தான். முகம் தெளிந்திருந்தது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. டிராம் நிறுத்தத்தில் அவன் தயங்கிக் கேட்டான்.

“எப்படிப் பாடினா?”

“சரியாப் பாடினா.”

“உனக்கு அப்படியா கேட்டுச்சு?”

“இல்ல. உன் முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

டிராம் வந்து நின்றது. ஆன்ஸ்கர் ஏறாமல் அப்படியே நின்றான். அவள்தான் அவன் கையைப் பிடித்து ஏற்றினாள்.