அரை மணி தூரம்

எங்கள் மார்ல்கோட் ஊரில் எந்த வீடு விற்பனைக்கு வந்தாலும் விளம்பரத்தின் முதல் வரியில் ரயில்தான் இருக்கும். லண்டனுக்கு அரை மணி. பள்ளிக்கூடம், பூங்கா, சனிக்கிழமைச் சந்தை எல்லாம் அப்புறம்தான். பக்கத்து வீட்டுப் பெரிலும் அவள் கணவர் கிளிஃபர்டும் அந்த முதல் வரிக்காகவே இங்கே குடிவந்தார்கள். ஒரே மகள் ஃபிலிப்பாவுக்கு லண்டனில் வேலை. நினைத்தபோது வந்து போவாள் என்று நம்பினார்கள். எங்கள் இங்கிலாந்துக்காரர்களில் யார் நினைத்தபோது வருகிறார்கள்? பெற்றவர்கள் வீடானாலும் கூப்பிட்டால்தான் போவது. கேட்டால் நாகரிகம் என்பார்கள்.

அக்டோபரில் கிளிஃபர்டுக்கு இதய நோய் முற்றிவிட்டது. இனி ஆஸ்பத்திரியில் செய்ய எதுவுமில்லை, வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னறையில் கட்டிலைப் போட்டார்கள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். பெரும்பாலும் அது நான்தான். மகளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று என்னிடம் சொன்னவர், பெரிலிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சங்கடமாக இருக்குமாம்.

நான் போய் பெரிலிடம் சொன்னேன். அவள் போனை எடுத்தாள்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் சுமாரா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. உனக்கு எப்ப தோதுப்படுதோ அப்ப பாத்துக்கலாம்."

சாகக் கிடக்கிற மனிதருக்குக் கொஞ்சம் சுமாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உடனே கிளம்பி வான்னு சொல்லேன், பெரில்."

"அவளுக்கு ஆயிரம் வேலை, டெனீஸ். அவளைப் போய் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

மறுநாளும் போனில் அதே பேச்சுதான். வெள்ளிக்கிழமை காலை, முதல் ரயில் கிளம்புவதற்குள் கிளிஃபர்ட் போய்விட்டார்.

ஃபிலிப்பா வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உன் வேலை கெடக் கூடாதென்றுதான் கூப்பிடவில்லை என்று பெரில் திரும்பத் திரும்பச் சொன்னாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"நீ சுமார்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சும்மா. அன்னிக்கே லீவு போட்டுட்டேன். பையைக் கட்டி வெச்சிக்கிட்டு வீட்டுலதான் உக்காந்திருந்தேன், நீ வான்னு சொல்லுவேன்னு."

பெரில் பிறர் முன்னால் அழுது நான் கண்டதில்லை. அன்று வாய்விட்டு அழுதாள். எங்கள் வழக்கப்படி இப்படிப்பட்ட நேரத்தில் அண்டை வீட்டார் சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். நான் போகவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.