நாற்பத்தொன்றாம் வரிசை

அட்டவணையின் நாற்பத்தொன்றாம் வரிசையில் இருக்கும் சேர்மத்தை நான் செய்யவே இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. செய்யப்போகும் சேர்மங்களுக்கெல்லாம் முன்கூட்டியே எண் கொடுத்துவிடுவோம். கட்டுரையின் அட்டவணையையும் முதலிலேயே போட்டுவிடுவோம். அளவு இன்னும் வராத கட்டங்களில், பத்தி கோணாமல் நிற்பதற்காக ஏதோ ஓர் எண்ணைத் தட்டி வைப்போம். நாற்பத்தொன்றுக்கான குடுவை சூட்டிலேயே விரிசல் விட்டு ஒழுகிப்போனது. மறுபடி செய்ய நேரமில்லை. வரிசையை நீக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன், மறந்தேன். அதில் நான் தட்டி வைத்திருந்த எண் 0.73.

நுரையீரலை மெல்ல மெல்லக் கல்லாக இறுகவைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அதைப் பாதியாக அடக்க எவ்வளவு மருந்து தேவை என்பதைச் சொல்லும் எண் அது. சிறியதாக இருந்தால் நல்லது. மற்ற நாற்பது சேர்மங்களின் எண்களும் இருபது, முப்பது என்று நின்றன. எங்கள் ஆய்வகத் தலைவர் கட்டுரைச் சுருக்கத்தில் 'நாற்பத்தொன்று பெரும் நம்பிக்கை தருகிறது' என்று சேர்த்திருந்தார். அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அச்சான பிறகுதான் கண்ணில் பட்டது.

திருத்தக் கடிதத்தை எழுதத் தயங்கித் தயங்கி, பாதியில் நிற்கும்போது, எங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டிய முதல் ஆய்வு வந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்து ஆய்வகம். 'நாற்பத்தொன்றைத் தயாரித்தோம். 0.73 என்பதை உறுதி செய்கிறோம்.' கடிதத்தை அழித்தேன். தப்பித்தோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இரண்டாவது மேற்கோளிலும் 0.73. பத்தாவதிலும். அறுபதாவதிலும்.

இது எவ்வளவு பயங்கரம் என்று இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும். ஒரே ஆள் ஒரே மேசையில் காலையிலும் மாலையிலும் அளந்தால்கூட எண் கொஞ்சம் நகரும். நகராத எண்ணைப் பார்த்தால் கருவி பழுதா என்று முதலில் பார்ப்போம். ஆனால் இதை யாரும் சந்தேகப்படவில்லை. அழகான முடிவு என்று எழுதினார்கள்.

நான் செய்து பார்த்தபோதெல்லாம் குடுவையின் அடியில் கறுப்புப் பிசின்தான் கிடந்தது. எங்களிடம் எடை போடுபவரைத் 'தராசு' என்றே கூப்பிடுவோம். அவர் எட்டிப் பார்ப்பார்.

"என்ன மேடம், இன்னைக்கும் தாரா? இன்னும் ரெண்டு குடுவை பண்ணுங்க, வாசல்ல ரோடே போட்டுடலாம்."

"ஊருக்கெல்லாம் வெள்ளைப் பொடியா வருது. எனக்கு மட்டும் இப்படி."

"நீங்க கண்டுபிடிச்சதுதானே? உங்ககிட்டதான் அதுக்குக் கோபம் போல."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் குடுவையைக் கழுவாமல் வெகுநேரம் நின்றேன்.

கட்டுரை வந்த எட்டாவது வருடம் அது மாத்திரையாகி, நோயாளிகளிடம் சோதனைக்கு வந்தது. சேர்ந்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி. அதே நுரையீரல் நோயில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுக்கையில் கிடந்தவள், ஆறே வாரத்தில் குழாயைக் கழற்றிவிட்டாள்.

"உன் பேரைச் சொன்னதும் டாக்டர் எழுந்து நின்னுட்டாருக்கா," என்றாள். "ஒரு டம்ளர் ஒழுங்கா கழுவத் தெரியாதவளை முந்நூறு பேர் மேற்கோள் காட்டுறாங்களாம். உலகம் எங்கதான் போகுது?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் சில நாட்கள் நன்றாகத் தூங்கினேன்.

ஒருநாள் தங்கையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது மருத்துவமனை மின்தூக்கி ஓடவில்லை. மூன்று மாடி ஏறினோம். எனக்கு மேல்மூச்சு வாங்கியது, அவளுக்கு வாங்கவில்லை. கேலியாக அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். எழுபத்து மூன்று. நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகும் எழுபத்து மூன்று. நர்ஸின் கையிலிருந்து இரும்புத் தட்டு விழுந்து எல்லோரும் திடுக்கிட்டபோதும் அவள் மணிக்கட்டு என் விரலுக்கடியில்தான் இருந்தது. எழுபத்து மூன்று.

அப்போதுதான் எதிர் வரிசையைக் கவனித்தேன். அதே மாத்திரை சாப்பிடும் பதினோரு பேர். பதினோரு மார்புகளும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின.

மருத்துவர் மகிழ்ச்சியில் இருந்தார். "எல்லாருக்கும் ஒரே ரிசல்ட் மேடம். இவ்வளவு சுத்தமா என் சர்வீஸ்ல பார்த்ததே இல்ல."

அன்றே, கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். இடத்தை நிரப்பப் போட்ட எண், சேர்மம் செய்யப்படவே இல்லை, கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள், சோதனையை நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. 'முந்நூற்றுப் பன்னிரண்டு தனித்தனி ஆய்வுகள் இந்த அளவை உறுதி செய்துள்ளன. அவற்றுக்கு எதிராக உங்கள் ஞாபகத்தை மட்டும் ஆதாரமாக ஏற்க இயலாது. சிறிது காலம் ஓய்வெடுங்கள்.'

இனி அந்த மாத்திரையை நிறுத்தக்கூடியவள் அதை விழுங்குகிறவள் மட்டும்தான். மறுநாள் காலை தங்கை வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்க?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ இது நீ சும்மா அடிச்ச நம்பரு."

"ஆமா."

"இதை யார்தான் செஞ்சதுக்கா?"

"எல்லாரும். என்னைத் தவிர. உனக்கு உள்ள எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு."

மாத்திரையை விரலால் உருட்டினாள். "போன வாரம் பாப்பா படியில உருண்டு விழுந்தா. நெத்தியில ரத்தம். ஓடினேன், தூக்கினேன், கத்தினேன். எல்லாம் செஞ்சேன். நெஞ்சு மட்டும் அது பாட்டுக்கு இருந்துச்சு. யாரோ பெத்த புள்ளைக்கு நான் கத்துற மாதிரி."

"நிறுத்திடுடி."

"நிறுத்தினா எத்தனை மாசம்?"

அந்த நோயின் கணக்கு எனக்கு மனப்பாடம்.

"சொல்லு."

"மூணு. மிஞ்சிப்போனா நாலு."

"அவளுக்கு நாலு வயசுக்கா," என்றாள். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "அம்மா மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு அவ பார்க்கப்போறதில்ல. காலையில எழுந்தா நான் இருக்கணும். அவ்வளவுதான். நீ யாருக்கும் இன்னொரு லெட்டர் போடாத."

தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான். விழுங்கினாள். உள்ளறையில் குழந்தை கனவு கண்டு வீறிட்டு, மூச்சு நின்றுவிடும்போல அழுதது. தங்கை டம்ளரை என் கையில் கொடுத்தாள். நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினாள். பிறகு, அவசரமே இல்லாமல், குழந்தையிடம் நடந்து போனாள்.