மணமில்லாத சட்டை

கோழி உரிப்பதைக்கூடப் பார்க்கமாட்டாத யோகராஜாவுக்கு நாற்பது வயதில் வேட்டைப் பித்துப் பிடித்தது. அமெரிக்காவில், கொலராடோவில் குடியேறிவிட்ட பள்ளித் தோழன் செபமாலைமுத்து, "வாடா, எல்க் வேட்டைக்குப் போவம். காசு குடுத்து வழிகாட்டி ஒருத்தனும் வேண்டாம். நீயும் நானும் வில்லும்தான்" என்று தொலைபேசியில் சொன்னதுதான் காரணம். எல்க் என்பது குதிரை உயர மான். யோகராஜா அதைப் படத்தில்தான் கண்டிருந்தான்.

இரண்டு வருடம் ஞாயிறுதோறும் வில்வித்தைக் கழகத்தில் வைக்கோல் இலக்கில் அம்பு எய்து பழகினான். கல் நிரப்பிய பையைச் சுமந்துகொண்டு லண்டனில், தான் இருந்த மோர்டன் தெருக்களில் நடந்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மனைவி சிவகௌரி மட்டும், "கல்லுக்குப் பதிலா அரிசியைத் தூக்குங்கோவன், கடைக்குப் போன மாதிரியும் இருக்கும்" என்று பகிடி விட்டு, போகட்டும் என்று விட்டுக்கொடுத்தாள்.

வில்லால் எய்ய மிகக் கிட்டப் போகவேண்டும். காற்றில் மனித வாடை வந்தால் மான் நிற்காது. அதனால் வேட்டை உடுப்புகளை மணமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். மத்தியானம் மழை பிடித்தது. சிவகௌரி ஓடிப்போய் உடுப்புகளை அள்ளிவந்து சமையலறைக் கதவில் விரித்தாள். அடுப்பில் மிளகாயும் மல்லியும் வறுபட்டுக்கொண்டிருந்தன. செபமாலைமுத்து வீட்டுக்குக் கொடுத்துவிடக் கறித்தூள் இடிக்கத்தான் அந்த வறுவல். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கு ஆளை அனுப்புவதா?

வேலையால் வந்தவன் சட்டையை முகர்ந்தான்.

"எல்லாத்தையும் நாசமாக்கிப்போட்டீர்! உம்மட மணத்துக்கு மான் என்ன, மனிசரே கிட்ட வரமாட்டினம்!"

சொன்ன பிறகுதான் சுட்டது. எண்பத்தாறாம் ஆண்டு அவள் தையல் வேலைக்குப் போன முதல் கிழமை, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி கறி மணம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையைத் தள்ளிப் போட்டாள். அன்று வீட்டுக்கு வந்து அழுதவளை அணைத்து, "அது எங்கட வீட்டு மணம். நீர் ஏன் வெக்கப்படுறீர்?" என்று கேட்டவன் இவன்தான்.

சிவகௌரி உடுப்புகளைத் திரும்பத் திரும்பத் தோய்த்து, பொலித்தீன் பையில் கட்டி வைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் பாண் துண்டும் அவித்த முட்டையும்தான்.

"ஒரு கறி வையுமன்."

"நீங்கள் வேட்டைக்குப் போட்டு வாங்கோ, பிறகு வைப்பம்."

மன்னிப்புக் கேட்க வாய்வரை வரும். பாழாய்ப்போன ரோசம் விடாது. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே பயண நாளும் வந்துவிட்டது.

விமான நிலையத்தில், இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று, வேட்டை உடுப்பு இருந்த கைப்பையைத் தோளில் மாட்டியபடியே அவளை அணைக்கப் போனான். சிவகௌரி ஓரடி பின்னால் போனாள்.

"வேண்டாம். கஷ்டப்பட்டுத் தோய்ச்சனான், திரும்பவும் என்ர மணம் ஒட்டிப்போடும்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

விமானம் கிளம்பியதும் கைப்பையைத் திறந்து, பொலித்தீனை அவிழ்த்து, சட்டையை முகத்தோடு அழுத்தி மூச்சை இழுத்தான். ஒரு மணமும் இல்லை.