ஒருமனதாக

எங்கள் இயக்குநர் அருள்முருகன் அண்ணன் தன் கையால் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தபோதே இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். பதினோரு வருடங்களில் அவர் எனக்கு எவ்வளவோ செய்திருக்கிறார். பி.எட். முடிக்க லீவு கொடுத்திருக்கிறார், பார்க்க வருகிற பெரிய மனிதர்களிடம் என் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தியிருக்கிறார். டீ மட்டும் வாங்கித் தந்ததில்லை. அந்தத் திங்கட்கிழமை, இராமநாதபுரம் அலுவலகத்தின் மாடியில், பேப்பர் கப்பின் விளிம்பை இரண்டு விரல்களால் பிடித்துச் சிந்தாமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"மாரிச்செல்வி, ஓதத்துக்கு அடுத்த இயக்குநர் நீங்கதான். டிரஸ்ட்ல பேசியாச்சு. சனிக்கிழமை கூட்டத்துல சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும்."

எனக்குச் சந்தேகக் குணம் என்று வீட்டில் பேர். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள் நான். "நீ கோயில்ல குடுக்குற துன்னூறையே மோந்து பாத்துட்டுத்தான பூசுவ" என்பார் என் வீட்டுக்காரர். அதற்காக அன்று சந்தோஷமே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆர்.எஸ். மங்கலத்துக்கு அந்தப் பக்கம் மிளகாய்க் கொல்லையில் பழம் பறித்த வீட்டுப் பெண், ஆறு மையங்களுக்கும் முப்பது ஆசிரியர்களுக்கும் இயக்குநர். ஆனால் டீ ஆறுவதற்குள் ஒரு கேள்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் நான்? ஏன் இப்போது?

"நீங்க எங்கண்ணே போறீக?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. உள்ளூர்க்காரங்க கையில குடுக்கணும்ல. நீங்க சொன்னா ஊர்ல கேப்பாங்க."

நான் எதைச் சொல்லப்போகிறேன், ஊர் எதைக் கேட்கப்போகிறது? அதை அவர் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஓதம் சாதாரணப் பள்ளிக்கூடம் இல்லை. காரங்காட்டிலிருந்து கீழக்கரை வரை கடலோரத்தில் ஆறு மையங்கள். பாதியில் படிப்பை விட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. கடல் ஏறி வற்றுகிற அந்த ஓதத்தைப் பார்த்துத்தான் வகுப்பு நேரத்தை வைப்போம். வலை வேலை இருக்கிற பிள்ளை அதை முடித்துவிட்டு வரலாம். பரீட்சை கிடையாது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்க் கணக்குப் படிப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் அதிகமாகக் குறிப்பெடுத்தது பாடத்தைப் பற்றி இல்லை, எங்கள் நிர்வாகத்தைப் பற்றி. மேஜை இல்லை, நாற்காலி இல்லை, ஓட்டெடுப்பு இல்லை. ஒவ்வொரு மையத்திலும் பெற்றோர் குழு பாயில் வட்டமாக உட்காரும். யாரும் மறுக்கவில்லை என்றால் அது தீர்மானம். யாரும் யாரையும் சார் என்று கூப்பிடக் கூடாது. வட்டத்துக்குத் தலை கிடையாது என்று அண்ணன் அடிக்கடி சொல்லுவார். வாஸ்தவம்தான். ஆனால் அவர் எங்கே உட்கார்ந்தாலும் எல்லார் முழங்காலும் அந்தப் பக்கமாகவே திரும்பியிருக்கும்.

இயக்குநராக வரப்போகிறவள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, மறுநாள் பீரோவைத் திறந்து ஆறு மையங்களின் தீர்மான நோட்டுகளையும் எடுத்து வைத்துப் படித்தேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. ஐந்து நோட்டுகளில் ஒன்றும் இல்லை. குடிதண்ணீர், கூரை, ஆண்டு விழா, இப்படித்தான். ஆறாவது திருப்பாலைக்குடி நோட்டு. நான் ஆசிரியையாகச் சேர்ந்த இடம், இன்றைக்கும் நான் நேரடியாகப் பார்த்துக்கொள்கிற மையம். நாற்பத்து மூன்று பிள்ளைகள்.

ஜூலைக் கூட்டத்தின் பக்கத்தில் முதல் இரண்டு தீர்மானங்கள் என் கையெழுத்தில் இருந்தன. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒன்று, அண்ணனின் சாய்ந்த எழுத்தில். திருப்பாலைக்குடி மையத்தை மூடி, டிரஸ்ட் தலைவர் சதக்கத்துல்லா ஹாஜியார் இராமநாதபுரத்தில் கட்டித்தரும் மாதிரி மையத்துடன் இணைக்கவும், பிள்ளைகளை வேனில் அழைத்துப் போகவும் பெற்றோர் குழு ஒருமனதாக ஒப்புதல் அளிக்கிறது என்று எழுதியிருந்தது. அதன் கீழே இருபத்தொரு பெண்களின் கையெழுத்து. எல்லாம் உண்மையான கையெழுத்துகள். தாஜுன்னிசா அக்காவின் கையெழுத்தில் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும். அதுவும் அப்படியே நின்றது.

திருப்பாலைக்குடியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். வேன் காலை ஏழு மணிக்கு வந்து நிற்கும். கடலைப் பார்த்து வராது. முதல் மாதம் எல்லாரும் ஏறுவார்கள். அப்புறம் பெண் பிள்ளைகள் நிற்கும், அதன்பின் வலைக்குப் போகிற பையன்கள். தீபாவளி தாண்டினால் பத்துப் பிள்ளைகள் மிஞ்சினால் பெரிது.

அந்தக் கையெழுத்துகள் எப்படி அங்கே வந்தன என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். காலை எட்டு மணிக்குக் கூட்டம் போட்டால், பேசிக்கொண்டிருக்கும்போதே வள்ளங்கள் வந்துவிடும். வலையிலிருந்து நண்டு கழற்றப் பெண்கள் ஓட வேண்டும். தாமதித்தால் நண்டு செத்துப்போகும், செத்த நண்டை ஏலத்தில் சீண்ட மாட்டார்கள். கூட்டம் முடிந்தபின் கையெழுத்துக்கு ஆளைத் தேடிக் கரைக்கு ஓடி ஓடி எனக்குக் கால் விட்டுப்போனது. அதனால் வந்ததும் வெற்றுத் தாளின் அடியில் போட்டுவிடச் சொன்னேன். மேலே இடம் விட்டிருக்கும். பேசியதைப் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வேன். எங்கள் பக்கத்து மகளிர் குழுக்களில் பழகிய வழிதான். இதை ஒரு தப்பாக நான் நினைத்ததே இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு நேரே அண்ணனிடம் போனேன். அவர் பதறுவார் என்று எதிர்பார்த்தேன், ஆசைப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும். பதறவில்லை.

"அன்னைக்கு நீங்க தொண்டிக்குப் பயிற்சிக்குக் கிளம்பிட்டீங்க. அதுக்கப்புறம் நான் இதைப் பேசினேன். யாரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லல."

"எல்லாரும் இருந்தாகளாண்ணே?"

"படகு வந்துருச்சுன்னு சிலபேர் எழுந்து போனாங்க." நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். "இதுவரைக்கும் நீங்க எழுதின தீர்மானம் நூறாவது இருக்கும்ல, மாரிச்செல்வி? எழுதி முடிச்சு ஒரு தடவையாவது அவங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்கீங்களா?"

குத்திக்காட்டிக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் பதில் சொல்லவில்லை. இந்த அமைப்பில் பதில் சொல்லாததற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நீங்க இயக்குநரா இருந்து எடுத்துச் சொன்னா அவங்க புரிஞ்சுக்குவாங்க" என்றார்.

அன்று முழுக்க அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் நிஜமாகவே பேசினாரா? பேசியபோது நாலு பேர் இருந்தார்களா, இருபது பேரா? அல்லது ஒரு சாயங்காலம் இந்த மாடியில் தனியாக உட்கார்ந்து, காலியாக இருந்த இடத்தைப் பார்த்ததும் கை தானாக எழுதிவிட்டதா? மையின் நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலம். அதிலிருந்து என்ன தெரியும்?

புதன்கிழமை பஸ் பிடித்துத் திருப்பாலைக்குடி போனேன். பெற்றோர் குழுவில் முதலில் வாய் திறக்கிற ஆள் இராமலட்சுமி. கரையில் வலையை மடியில் போட்டு நண்டின் காலைப் பக்குவமாக விடுவித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மையத்தை மூடப்போகிறார்கள் என்பதை, அதற்குச் சம்மதம் என்று அவள் கையெழுத்தே இருப்பதை. அண்ணன்மீது அவளுக்குக் கோபம் பொங்கும் என்று நினைத்தேன். அவள் கையை நிறுத்தவே இல்லை.

"அன்னைக்கு அவுக ஏதோ வேனு, கட்டடம்னாக. நல்ல காரியம்போலன்னு எந்திரிச்சு வந்துட்டேன். மூடுறதப் பத்தி என் காதுல விழுகல" என்றாள். "அந்த அண்ணன் காருல வருவாக, காருல போவாக. அவுகளப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்? நாங்க நோட்டுல போட்டது உங்க மூஞ்சியப் பாத்துத்தான டீச்சர்?"

நண்டுக் கூடையை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

"உங்கள ஒசத்தி வச்சிருக்காகளாமே, பெரிய வேலைக்கு?"

வீட்டுக்காரரைத் தவிர நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. "யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாக. நெசந்தான?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க நான் அடுத்தவர்களைப் பார்த்த பார்வை. மையம் போகிறது, டீச்சருக்குப் பதவி வருகிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டையும் முடிச்சுப் போட ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவளிடம் சத்தியம் செய்ய வாயெடுத்தேன். எதன்மேல் செய்வது என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவசரக் கூட்டம் என்று சொல்லி அனுப்பினேன். யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன். இருபத்தொரு பேரும் வந்தார்கள். அதுவும் நல்லதற்கா என்று தெரியவில்லை. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் பாயில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது தீர்மானத்தை உரக்க வாசித்தேன். இது உங்களுக்குத் தெரியாமல் எழுதப்பட்டது, இதை ரத்து செய்து புதுத் தீர்மானம் போட்டால் சனிக்கிழமை டிரஸ்ட் கூட்டத்தில் நான் கொண்டுபோய் வைக்கிறேன், மையம் தப்பிக்கும் என்றேன். பிறகு நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றி, பக்கத்தில் இருந்த தாஜுன்னிசா அக்காவிடம் நீட்டினேன். "அடியில போடுங்கக்கா."

யாரும் அசையவில்லை. என்ன செய்துவிட்டேன் என்பது அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்தது. தாள் வெறுமையாக இருந்தது. பதினோரு வருடப் பழக்கத்தில் கை தானாக நீண்டுவிட்டது. அதிலும் இன்றைக்கு, இதை வாசித்துக் காட்டிய பிறகு.

தாஜுன்னிசா அக்கா பேனாவை வாங்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "மொதல்ல எழுதுங்க டீச்சர். எழுதி வாசிங்க. பெறகு பாப்போம்."

வெளியே வள்ளங்கள் வந்து சேருகிற சத்தம் கேட்டது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கரையிலிருந்து ஓர் ஆண் குரல் இராமலட்சுமியின் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டது. எந்தக் கூட்டத்திலும் இந்த இடத்தில் பாதிப் பாய் காலியாகிவிடும். இன்று ஒருத்தியும் எழவில்லை. வலையில் நண்டு செத்துக்கொண்டிருக்கும். அது தெரிந்தே உட்கார்ந்திருந்தார்கள், என்னைப் பார்த்தபடி.

தேதியும் ஊரும் போட்டேன். மையம் திருப்பாலைக்குடியிலேயே தொடர வேண்டும் என்று பெற்றோர் குழு ஒருமனதாக, என்று எழுதி, எழுதிய வரைக்கும் வாசித்தேன்.

"அந்தக் கடைசி வார்த்தைய அடிங்க" என்றாள் இராமலட்சுமி. "இன்னும் யாரும் சரின்னு சொல்லல."

அடித்தேன்.

"அதுக்கு முன்னாடி ஒன்னு எழுதணும். சனிக்கெழம அந்தப் பெரிய வேலைக்கு அவுக காயிதம் குடுப்பாகள்ல, அதுல நீங்க கையெழுத்துப் போடுவீகளா, மாட்டீகளா? அத உங்க கையால மேல எழுதுங்க. நாங்க கீழ போடுறோம்."

போடமாட்டேன் என்று எழுதினால், போடுகிற வேறு ஆளை அண்ணன் ஒரு வாரத்தில் கண்டுபிடிப்பார். அந்த ஆளுக்கு இந்தப் பெண்களின் பெயர்கூடத் தெரியாது. போடுவேன் என்று எழுதினால், உள்ளே இருந்துகொண்டு தடுக்கப் பார்ப்பேன் என்று நான் சொல்வதை இந்தப் பாயில் ஒருத்தியாவது நம்புவாளா? எனக்கே அது முழுதாக நம்பிக்கை இல்லை. அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. அதை அவர்கள் முகத்துக்கு நேரே மறைக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பேனாவைத் தாளில் வைத்தேன். வாசல் வழியாக வந்த கடல் காற்றில் பக்கம் படபடத்துப் புரளப் பார்த்தது. தாஜுன்னிசா அக்கா முன்னால் நகர்ந்து, நண்டு கடித்துக் கடித்துத் தழும்பேறிய விரலை நீட்டி, நான் எழுதுவதற்கு வாகாகத் தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.