கணு எடுத்த இடம்

அங்கி அக்காவின் இடது கையில் ஏறவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுத் தங்கை கத்தரிக்கோலை எடுத்தாள். அங்கியின் கையைத் தோள்வரை வெட்டிவிட்டாள்.

"ஆபீஸ் சொத்தைக் கிழிக்கிறியே, கேக்க ஆளில்லையா?"

"இங்க நான்தான்கா ஆளு. அந்தச் சுவரோரமா உக்காரு. எதையும் தொடாதே."

"பஸ் ஓட்டினவடி நான். எட்டு மணி நேரம் சீட்டை விட்டு அசையாம உக்காந்தவ."

ஆராய்ச்சிக்கூடத்தின் அறுவை மேசைமேல் பெண் ஆடு ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. அதன் மூச்சுக்குழலில் ஒரு ரப்பர் குழாய். வயிற்றிலிருந்து மேலேறும் நீர் நுரையீரலுக்குள் போய்விடாமல் வாய்வழியே வடிய வேண்டும் என்பதற்காகத் தலையை உடம்பைவிடத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். தலைமாட்டில் மயக்க மருந்து கொடுப்பவர் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

"அக்கா, பயப்படாதீங்க. இந்த ரூம்ல முதல்ல தூங்குறது நான்தான். ஆடு அப்புறம்தான்."

அக்கா சிரித்தாள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் இப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. தங்கை குனிந்து ஆட்டின் தோலைத் துடைத்தாள்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு இதே ஆட்டின் தொடைக்கு முன்னால், தோல் மடியும் இடத்தில் இருந்த நிணநீர்க் கணுவை அவள் வெட்டி எடுத்திருந்தாள். தோலிலிருந்து அந்தக் கணுவுக்கு வரும் நாளங்கள் மயிரிழை போன்றவை. அவற்றில் எந்தக் குழாயும் நுழையாது. கணுவிலிருந்து வெளியே போகும் நாளம் மட்டும் கொஞ்சம் பருமனானது. நடுவிலிருக்கும் கணுவை எடுத்துவிட்டுக் காத்திருந்தால், அறுபட்ட மெல்லிய நாளங்கள் வளர்ந்து அந்தப் பெரிய நாளத்தைத் தேடிப்பிடித்துச் சேர்ந்துகொள்ளும். அதன்பிறகு அதில் ஒரு குழாயைச் சொருகினால், தோலிலிருந்து வரும் நிணநீர் முழுவதையும் புட்டியில் பிடித்துவிடலாம். சில ஆடுகளில் சேராது. வடுதான் இருக்கும்.

புற்றுநோய்க்காக அக்காவின் இடது மார்பை எடுத்தபோது அக்குளில் இருந்த கணுக்களையும் சேர்த்தே எடுத்தார்கள். பிறகு அந்த இடத்தில் கதிர்வீச்சு, அக்கா சொல்வதுபோல் கரண்டு, வைத்தார்கள். பிறகு கை வீங்கியது. பணிமனையில் அவளை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி விசாரணை ஜன்னலில் உட்காரவைத்த அன்று, அவள் சமையலறைத் தரையில் அமர்ந்து அழுதாள். அழுகையை நிறுத்தத் தங்கைக்கு வேறு வழி தெரியவில்லை. "எங்க ஆட்டுக்கெல்லாம் கணுவை எடுத்துட்டா, ரெண்டு மாசத்துல நாளம் தானா தேடிப்போய் ஒட்டிக்கும்கா" என்றாள். அது பொய் இல்லை. அக்கா அழுகையை நிறுத்தினாள். மிச்சத்தைத் தங்கை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தொலைபேசியில் அக்கா முதலில் கேட்பது ஆட்டைப் பற்றித்தான். "உன் ஆடு எப்படியிருக்கு? சேர்ந்திடுச்சா?" கடைசியில், நேரில் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றாள். தங்கையால் மறுக்க முடியவில்லை. இந்த ஆட்டில் சேர்ந்திருக்கக் கூடாது என்று அவள் மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். வடுவைக் காட்டி, பார்த்தாயா அக்கா என்று தொடங்கிவிடலாம். தன் வேலை தோற்றுப்போக வேண்டும் என்று அவள் விரும்பியது அதுதான் முதல் முறை.

தோலுக்கடியில் நீலச் சாயத்தை ஏற்றி விரலால் நீவிவிட்டாள். கத்தியை வைத்தாள். பழைய வடு சாம்பல் நிறத்தில் பிரிந்தது. அதற்கடியில், கொழுப்புக்கு நடுவே, நனைந்த நூல் போல ஒரு நீலக் கோடு மேல்நோக்கி ஓடியது.

"சேர்ந்திடுச்சு மேடம்" என்றார் மயக்க மருந்துக்காரர்.

அக்கா எழுந்து வந்து இரண்டடி தள்ளி நின்றாள்.

"இதுவா? இந்த நூலா?"

"ம்."

"பாத்தியா! ரோட்டை அடைச்சா என்ன, வண்டி ஏதாவது சந்துல புகுந்து போயிடும். நான் சொல்லல?"

தங்கை நாளத்தை இரண்டு பட்டு நூல்களின்மேல் தூக்கிப் பிடித்து, அதில் சிறிய வெட்டு ஒன்று போட்டாள். இனிக் கையை எடுக்க முடியாது. விட்டால் நாளம் சுருங்கி உள்ளே போய்விடும்.

"ஆட்டுக்கு நீ கட்டு எதுவும் போடலைல்ல?" என்றாள் அக்கா.

"என்ன கட்டு?"

"இறுக்கமா. கைக்குப் போட்டுக்கச் சொல்லி எனக்கு ஒரு உறை குடுத்தாங்களே, அது மாதிரி."

"இல்ல."

"அதான். நானும் போடறதில்ல."

குழாயின் நுனி நாளத்தின் வாயருகே நின்றது.

"எப்பலேருந்து?"

"நீ சொன்னியே, அன்னையிலேருந்து. இறுக்கிப் பிடிச்சா புது நாளம் எப்படிடி வளரும்? நீ வீட்டுக்கு வர்ற அன்னைக்கு மட்டும் மாட்டிக்குவேன். இல்லன்னா நீ கத்துவே."

தங்கை குழாயை உள்ளே தள்ளி முடிச்சைப் போட்டாள். இன்னொரு முடிச்சு. குழாயில் நீலமாக நீர் ஏறி, மெல்ல வெளிறிய மஞ்சளானது. அது சொட்டத் தொடங்கியது. மயக்க மருந்துக்காரர் தன் கருவியின் முள்ளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாதான் ஆயிட்டு வருது" என்று அக்காவே தொடர்ந்தாள். "முன்னெல்லாம் விரலை வச்சு அமுக்கினா குழி விழுந்து அப்படியே நிக்கும். இப்போ குழியே விழறதில்ல. தண்ணி வத்துதுன்னுதானே அர்த்தம்?"

குழி விழாத கை இறுகிப்போன கை. தேங்கிய நீர் இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் படிந்துவிட்டன. தங்கை தசையைத் தைத்தாள். தோலைத் தைத்தாள். புட்டியை ஆட்டின் விலாவோடு சேர்த்துக் கட்டினாள். வழக்கத்தைவிட நெருக்கமாகத் தையல் போட்டாள். கடைசி நூலையும் வெட்டிய பிறகு கைக்கு வேலை இல்லாமல் போனது.

"அக்கா. ஆட்டுக்கு நான் கரண்டு வைக்கல."

"என்னது?"

"உனக்கு வச்சாங்க. கரண்டு பட்ட சதையில நாளம் முளைக்கிறது கஷ்டம். பெரும்பாலும் முளைக்காது."

"பெரும்பாலும்னா?"

"உன் கையில முளைக்கல. குழி விழலைன்னா உள்ள கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம்."

அக்கா தன் கையைப் பார்த்தாள். வலது கையால் அதைத் தொடப் போனவள் தொடவில்லை.

"அந்த உறையைப் போட்டிருந்தா?"

"இவ்வளவு ஆகியிருக்காது."

"இனிமே போட்டா?"

"வீக்கம் மேல ஏறாம இருக்கும். கொஞ்சம் குறையலாம். ஸ்டியரிங் பிடிக்கிற அளவுக்குக் குறையாது."

ஆடு ஒரு முறை தாடையை அசைத்தது. மயக்க மருந்துக்காரர் வாயுவை நிறுத்திவிட்டுக் குழாயின் பட்டியைத் தளர்த்தினார். இந்தப் பேச்சு தன் காதில் விழவே இல்லை என்பது போலக் குனிந்திருந்தார்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"சொன்ன அன்னைக்கே."

"அப்புறம் ஏன்டி சொன்ன?"

"நீ அழுதிட்டிருந்தே."

அக்கா முகமூடியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தங்கைக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"அழ விட்டிருக்கலாமே" என்றாள். "ஒரு நாள் அழுதிருப்பேன். இல்ல, ரெண்டு நாள். அப்புறம் எழுந்து அந்த உறையை மாட்டியிருப்பேன்."

அவள் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள்.

"மேடம், பிடிங்க" என்றார் மயக்க மருந்துக்காரர். விழிக்கும் ஆட்டை மார்பில் ஊன்றி உட்காரவைத்து, கழுத்து தானே நிற்கும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். சாய்ந்துவிட்டால் வயிறு உப்பும், குழாயும் பிடுங்கிக்கொள்ளும். தங்கை ஆட்டை அணைத்துப் பிடித்தாள். அதன் தலை அவள் முழங்கையில் கனத்து விழுந்தது. தாழ்வாரத்தில் அக்காவின் காலடி அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். தங்கை ஆட்டின் தலை நிமிர்வதற்காகக் காத்திருந்தாள்.